எரிமலை நிலத்துக்குக் குடும்பத்தோடு பயணமா? திரும்பி வருவதையும் முன்பே முடிவு செய்யுங்கள்



மதீனாவில் இறங்குவதற்காக விமானம் தாழும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். தார் ஊற்றிக் காயவைத்ததுபோல் கறுத்துக் கிடக்கும் கல்வெளி, நடுநடுவே குவித்து வைத்த மண்மேடு போன்ற சிறு குன்றுகள். உம்ராவுக்குப் போய் வந்த நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் அதை “வெயிலில் கருகிய பாறை” என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது பூமிக்குள்ளிருந்து பொங்கி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அந்தக் குன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய வாய்.

ஆக, சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து மதீனா ஸியாரத்துக்குப் போய் வந்த எல்லோருமே, தெரியாமலேயே ஓர் எரிமலை நிலத்தில் தங்கி வந்தவர்கள்தான். இப்போது தெரிந்தே போகிறவர்களும் கூடிவிட்டார்கள். உம்ராவுக்குப் போன இடத்தில் ஒரு நாள் ஒதுக்கி வஹ்பா பள்ளம் பார்க்கிறார்கள். கோடை விடுமுறையில் பாலிக்கும் ஜாவாவுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அந்தமான் போனால் “எரிமலைத் தீவு உண்டாமே” என்று விசாரிக்கிறார்கள். போகக் கூடாது என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்பது நமக்குச் சொல்லப்பட்டதுதான். எப்படிப் போவது, அதைவிட முக்கியமாக எப்போது திரும்புவது என்பதுதான் பேச்சு.

நமக்குப் பழக்கமில்லாத மலை

சேலத்துக்காரர்களுக்கு மலை புதிதல்ல. ஏற்காடு, கொல்லிமலை, கஞ்சமலை, ஜருகுமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். சேலம் நகரின் வடமேற்கே வெள்ளைக்கல் வெட்டும் இடங்களைப் பார்த்துவிட்டு, “இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாம்” என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியல்ல. பூமியின் அடியாழத்திலிருந்து வந்த ஒருவகைப் பாறை, நீரும் வாயுவும் பட்டு மெல்ல மெல்ல மாறியதால் உண்டானதுதான் அந்த வெள்ளைக்கல். ஏற்காடும் கொல்லிமலையும் பூமியின் மிகப் பழைய பாறைகளில் சேர்ந்தவை. இங்கே வெடிப்பதற்கு எதுவும் இல்லை.

அதனால்தான் நமக்கு எரிமலை விஷயத்தில் பரம்பரை அனுபவம் கிடையாது. காவிரியில் தண்ணீர் கூடினால் எப்போது கரையை விட்டு நகர வேண்டும் என்று பள்ளிபாளையத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை எந்தக் கியரில் இறக்குவது என்று நாமக்கல் டிரைவருக்குக் கைக்கே தெரியும். எரிமலை அப்படியல்ல. அமைதியாக இருப்பதுபோலவே இருக்கும். கண்ணால் பார்த்து நம்மால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கருவி வைத்துக் கவனிப்பவர்கள் சொல்வதைக் கேட்பது ஒன்றுதான் வழி.

ஹிஜ்ரி 654: மதீனா கண்ட நெருப்பு

ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும், அதன் வெளிச்சம் ஷாம் நாட்டின் புஸ்ராவிலுள்ள ஒட்டகங்களின் கழுத்தில் படும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 654-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1256-இல், மதீனாவுக்கு அருகே பூமி பிளந்து நெருப்பு வெளிப்பட்டபோது, அந்த முன்னறிவிப்பு நிறைவேறியதாக உலமாக்கள் எழுதினார்கள். அப்போது ஷாமில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் இதைக் குறிப்பிடுகிறார்கள். மதீனாவிலிருந்து டமாஸ்கஸுக்கு வந்த கடிதங்களை அபூ ஷாமா (ரஹ்) அவர்கள் தம் வரலாற்று நூலில் பதிந்து வைத்தார்கள்.

நடந்தது என்ன? ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் சில நாட்கள் நில அதிர்ச்சி. பிறகு நகரின் கிழக்குப் பக்கத்துக் கல்வெளியில் நிலம் நீளவாக்கில் பிளந்து குழம்பு பொங்கியது. 52 நாட்கள் ஓடியது. சுமார் 23 கிலோமீட்டர் தூரம் ஆறுபோல் நகர்ந்து, நகருக்குச் சில கிலோமீட்டர் முன்பாக நின்றது. மதீனா மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் கூடித் தவ்பா செய்தார்கள். நகரத்தின் அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார்.

(அதே ஆண்டு ரமளானில் மஸ்ஜிதுந் நபவி தீப்பற்றி எரிந்தது. அது விளக்கிலிருந்து பிடித்த தீ. இரண்டையும் ஒன்றாக்கிச் சில பயான்களில் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.)

இந்தக் கல்வெளிக்கு அரபியில் ஹர்ரா என்று பெயர். ஸீராவில் நாம் படிக்கும் “இரு ஹர்ராக்களுக்கு இடைப்பட்ட நகரம்” இதுதான். கிழக்கே வாகிம், மேற்கே வபரா. இவற்றையும் உள்ளடக்கிய ஹர்ரத் ரஹாத் மதீனாவிலிருந்து தெற்கே மக்கா திசையில் சுமார் 300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான எரிமலை வாய்கள் உள்ளன. 1256-க்குப் பிறகு அங்கே வெடிப்பு இல்லை. அதற்காக அது செத்துவிட்டது என்றும் ஆகாது.

2009-இல் இதை உலகம் நேரில் கண்டது. மதீனா மாகாணத்தின் மேற்கே அல்-ஈஸ் என்ற ஊர்ப் பகுதியில், ஹர்ரத் லுனய்யிர் என்ற வேறொரு கல்வெளிக்கு அடியில், ஆயிரக்கணக்கான சிறு அதிர்ச்சிகள் பதிவாயின. மே 19-இல் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்து நிலத்தில் பல கிலோமீட்டருக்கு வெடிப்பு விட்டது. குழம்பு மேலே வந்துவிடலாம் என்று அஞ்சி, சவூதி அரசு 30,000-க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. குழம்பு மேலே வரவில்லை; மக்கள் பிறகு வீடு திரும்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், எதுவும் நடக்கவில்லை என்பதால் அந்த வெளியேற்றம் வீண் என்று யாராவது சொல்வார்களா?

மதீனாவில் இன்று உண்மையான ஆபத்து எது?

அந்த மண்ணைச் சவூதி புவியியல் ஆய்வு நிறுவனம் கருவிகள் வைத்துத் தொடர்ந்து கவனிக்கிறது. ஸியாரத்துக்குப் போகிற குடும்பம் எரிமலை வெடிக்குமோ என்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஹர்ராவில் நம்மவர்களை மடக்கக்கூடியவை வேறு: வெயில், கூர்க்கல், வழி தவறுவது.

கறுப்புக் கல் வெயிலை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். மே, ஜூனில் காலை ஒன்பது மணிக்கே அதன் மேல் கை வைக்க முடியாது. நிழல் என்பதே கிடையாது. உறைந்த குழம்பின் மேற்பரப்பு கண்ணாடித் துண்டுபோல் அறுக்கும். ஹவாய் செருப்போடு இறங்கினால் செருப்பும் போகும், காலும் போகும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்குக் காலில் ஒரு கீறல் என்றால் அதன் பிறகு என்ன என்பது நம் வீடுகளில் தெரியாததல்ல. தரையின் அடியில் சில இடங்களில் குழம்பு வழிந்தோடிய குகைகள் வெறும் ஓடுபோல் நிற்கின்றன. கைபர் ஹர்ராவிலுள்ள உம்மு ஜிர்சான் குகை ஒன்றே சுமார் 1.5 கிலோமீட்டர் நீளம். அதற்குள் கழுதைப்புலிகள் இழுத்து வந்து போட்ட எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். செல்போன் டார்ச்சை நம்பிப் பிள்ளைகளோடு நுழையும் இடமல்ல அது.

அதனால் எளிமையாக வையுங்கள். ஹர்ராவைப் பார்க்க சாலையிலிருந்து இறங்கி நூறடி நடந்தால் போதும். ஃபஜ்ருக்குப் பின் அல்லது அஸருக்குப் பின் போங்கள். மூடிய, தடித்த அடியுள்ள ஷூ எல்லோருக்கும் வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் கையில் இருக்கட்டும், “வண்டியில் இருக்கிறது” என்பது கணக்கில் சேராது. வண்டி சாலையை விட்டுக் கல்வெளிக்குள் இறங்கக் கூடாது. டயர் கிழிந்தால் அங்கே பஞ்சர் கடை இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு 997, சிவில் பாதுகாப்புத் துறைக்கு 998: இந்த இரண்டு எண்களையும் எல்லோர் போனிலும் பதிந்து கொள்ளுங்கள்.

வஹ்பா பள்ளம் தாயிஃபுக்கு அப்பால் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலத்தடி நீரும் கொதிக்கும் குழம்பும் மோதி வெடித்ததில் உண்டான, சுமார் 2 கிலோமீட்டர் அகலமும் 250 மீட்டர் ஆழமும் உள்ள மாபெரும் குழி. அடியில் வெள்ளை உப்புத் தரை. விளிம்பில் நின்று பார்த்தாலே நெஞ்சு நிறைந்துவிடும். இளவட்டங்கள் கீழே இறங்கிவிடுகிறார்கள். இறங்குவது அரை மணி, ஏறுவதுதான் பாடு. உம்ராவின் களைப்போடு, தூக்கமில்லாத உடம்போடு, வெயிலில் 250 மீட்டர் ஏறுவது விளையாட்டல்ல. என்னைக் கேட்டால் குடும்பத்தோடு போனவர்கள் விளிம்போடு நின்றுகொள்வது நல்லது.

“ஜின் பள்ளத்தாக்கு” என்று மதீனாவுக்கு வெளியே கூட்டிப் போகிறார்களே, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நியூட்ரலில் விட்ட வண்டி மேட்டில் தானே ஏறுவதாகக் காட்டுவார்கள். எரிமலைக் காந்தம் என்றும் ஜின் என்றும் விளக்கம் வரும். சுற்றியுள்ள மலைச்சரிவு கண்ணை ஏமாற்றுவதால் இறக்கம் நமக்கு ஏற்றமாகத் தெரிகிறது, அவ்வளவே. உலகில் பல ஊர்களில் இப்படிச் சாலை உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு வேன் நிறைய ஆட்களோடு இறக்கத்தில் உருள விடுவதுதான் அங்குள்ள ஒரே ஆபத்து. பவர் பிரேக் அப்போது சரியாகப் பிடிக்காது என்று நாமக்கல் லாரிப் பட்டறையில் கேட்டாலே சொல்வார்கள்.

உயிருள்ள எரிமலைக்குப் போகிறவர்கள்

இந்தோனேசியா வேறு கதை. அங்கே எரிமலைகள் இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. பாங்கு சொல்லும் ஊர், ஹலால் உணவு, மொழி தெரியாவிட்டாலும் ஸலாம் சொன்னால் திரும்பக் கிடைக்கும் புன்னகை என்று நம் குடும்பங்களுக்கு ஜாவாவும் சுமத்ராவும் மனதுக்கு நெருக்கமாகிவிடுகின்றன. அந்த நெருக்கமே கொஞ்சம் அசட்டையையும் கொண்டுவந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு சுமத்ராவின் மராபி மலையில் 75 பேர் ஏறியிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். திருட்டுத்தனமாக ஏறவில்லை, முறையாகப் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்கித்தான் ஏறினார்கள். மலை திடீரென்று வெடித்தது. 24 பேர் இறந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த மலை அன்று இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று எரிமலை ஆய்வுத் துறை முன்பே அறிவித்திருந்தது. ஒரு துறை போகாதே என்றது, இன்னோர் இடத்தில் சீட்டு விற்றது. சீட்டு கிடைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு.

நியூசிலாந்தின் வகாரி தீவிலும் இதுவே. 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தப்பட்டது. சுற்றுலாப் படகுகள் நிற்கவில்லை. டிசம்பர் 9-இல் வெடித்தபோது தீவில் 47 பேர். 22 பேர் இறந்தார்கள். ஜப்பானின் ஒண்டாகே மலையோ 2014 செப்டம்பரில் வெடித்தபோது மிகக் கீழான முதல் நிலையில்தான் இருந்தது. அன்று 63 பேரை இழந்தார்கள்.

ஏன் இப்படி முன்னறிவிப்பே இல்லாமல்? குழம்பு மேலே ஏறி வந்தால் அதிர்ச்சி, நிலம் உப்புவது என்று அடையாளம் காட்டும். ஆனால் நிலத்தடி நீர் சூடேறி நீராவியாகி வெடிப்பது வேறு. விசில் அடைத்துக்கொண்ட பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் நொடிவரை அடுப்படி அமைதியாகத்தான் இருக்கும். இந்த வகை வெடிப்பு பெரிதல்ல, ஊரை அழிக்காது. வாயருகே நிற்பவர்களை மட்டும் கொல்லும். ஆகவே தூரம்தான் பாதுகாப்பு. மாஸ்க், ஹெல்மெட் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தோனேசியாவில் நான்கு நிலைகள்: முதலாவது நார்மல், இரண்டாவது வஸ்பதா, மூன்றாவது சியாகா, நான்காவது அவாஸ். ஒவ்வொரு மலைக்கும் இன்று என்ன நிலை, வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதை ‘மக்மா இந்தோனேசியா’ என்ற அரசுத் தளத்தில் யாரும் பார்க்கலாம். நிலையை விடத் தூரத்தை முதலில் பாருங்கள். உங்கள் பயணத் திட்டத்தில் உள்ள இடம் அந்தத் தூரத்துக்குள் வந்தால், வழிகாட்டி என்ன சொன்னாலும் அந்த இடம் திட்டத்தில் இல்லை. ஹோட்டலில் கிளம்பும் காலையில் மறுபடி ஒருமுறை பாருங்கள். பெயரிலும் கவனம் வேண்டும்: மராபி சுமத்ராவில், மெராபி ஜாவாவில். இரண்டும் வேறு மலைகள், இரண்டும் ஆபத்தானவை.

ஜாவாவின் புரோமோ மலைக்குத்தான் நம்மவர்கள் அதிகம் போகிறார்கள். எதிரே பெனாஞ்சாகான் உச்சியில் நின்று சூரிய உதயத்தோடு புரோமோவைப் பார்ப்பதே முழுக் காட்சி. ஜீப் அங்கேயே போகும். பிறகு மணல்வெளியைக் கடந்து, படியேறி, புகையும் வாயின் விளிம்பில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தே ஆக வேண்டுமா என்பது பெற்றோர் யோசிக்க வேண்டியது. விளிம்பு குறுகலானது. காற்று திசை மாறினால் கந்தகப் புகை நேரே முகத்தில் வரும்.

வாயுவைப் பற்றி நம்மிடையே யாரும் பேசுவதில்லை. கந்தகப் புகை தொண்டையை எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு மூச்சே போதும். மூக்குக்குத் தெரிகிற அளவில் அது பரவாயில்லை, ஓடிவிடலாம். கரியமில வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளங்களில் தண்ணீர்போல் தேங்கும். 1979-இல் ஜாவாவின் தியெங் பீடபூமியில், சிறு வெடிப்புக்குப் பயந்து விடிகாலையில் ஊரைவிட்டு நடந்த மக்கள் இப்படித் தேங்கிய வாயுவுக்குள் நடந்துபோய் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகளின் மூக்கு நம்முடையதைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எரிமலைப் பகுதியில் பள்ளத்தில் இறங்கி உட்காருவது, அங்கே பாய் விரித்துச் சாப்பிடுவது, இரண்டும் கூடாது.

இஜென் மலையின் நீலப் பச்சை ஏரியைப் பார்த்து ஒளூச் செய்ய இறங்கிவிடாதீர்கள்; அது தண்ணீரல்ல, அமிலம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மலைக்கே வேண்டாம்.

சாம்பல் பொழிந்தால்? அது விறகுச் சாம்பல்போல் மெத்தென்று இருக்காது. பொடித்த கண்ணாடி. கண்ணைக் கசக்கினால் கீறும். என்-95 மாஸ்க் ஆளுக்கு இரண்டு பையில் போட்டு வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். துப்பட்டாவும் கைக்குட்டையும் தற்காலிகத்துக்கு உதவும், அவ்வளவுதான். கட்டடத்துக்குள் போய் ஜன்னலை அடைத்துவிட்டு இருப்பதே உத்தமம். மழையும் சேர்ந்தால் மலைச்சரிவில் படிந்த சாம்பல் சேறாகி ஆற்று வழியே இறங்கும். 2024 மே மாதம் அதே மராபியின் அடிவாரத்தில் இந்தச் சேற்று வெள்ளத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மலை வெடிக்கவில்லை, மழை மட்டும்தான் பெய்தது. அதனால் எரிமலையின் அடிவாரத்தில் ஆற்றோரமாக இருக்கும் ஹோட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மழைக்காலத்தில் எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு அருகே அந்தமான்

இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலை பாரன் தீவு. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 138 கிலோமீட்டர் வடகிழக்கே கடலில் இருக்கிறது. 1787-லேயே வெடிப்பு பதிவாகியிருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் விழித்தது. 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் இருந்தன. மனிதர்கள் வசிக்காத அந்தத் தீவில் சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதி இல்லை, கடலிலிருந்து பார்ப்பதோடு சரி. “இறக்கிவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் அவரோடு படகிலேயே ஏறாதீர்கள்.

பாராதாங்கில் காட்டப்படும் சேற்று எரிமலை, பெயரில்தான் எரிமலை. மண்ணுக்கடியில் மக்கும் பொருட்களின் வாயு சேற்றைக் குமிழியிட்டுத் தள்ளுகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம். அங்கே போகும் சாலை ஜாரவா மக்களின் வனத்தின் ஊடே செல்கிறது. வண்டிகள் குறித்த நேரத்தில் அணிவகுத்துத்தான் போகும். வழியில் நிறுத்துவதும் அவர்களைப் படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம்.

விமானம் நின்றுபோனால்

எரிமலைப் பக்கமே போகாதவர்களையும் எரிமலை தொடும். 2025 நவம்பர் 23-இல் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, யமன், ஓமன் வழியாக இந்திய வானம்வரை வந்தது. ஜித்தா உள்ளிட்ட வளைகுடா ஊர்களுக்கான சில விமானங்கள் ரத்தாயின. உம்ராவுக்கு இஹ்ராம் துணியோடு கிளம்பத் தயாரானவர்களுக்கும் இது நேரலாம் என்று அதுவரை யார் நினைத்தார்கள்? 2017 நவம்பரில் அகுங் எரிமலையால் பாலி விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பரில் லெவோதோபியால் மறுபடி பாலி விமானங்கள் ரத்தாயின. விமான நிறுவனத்தாரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. 1982-இல் ஜாவாவுக்கு மேலே சாம்பல் மேகத்துக்குள் புகுந்த ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. அல்லாஹ்வின் அருளால் பிறகு எஞ்சின்கள் இயங்கிப் பத்திரமாகத் தரையிறங்கியது. அன்றிலிருந்து சாம்பல் இருக்கும் வானத்தில் பறப்பதில்லை.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு இது. அத்தா, அம்மாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் பத்து நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் சீட்டோடு. அதைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி ஒரு நாட்டிலும் நீங்கள் ஒரு நாட்டிலும் இருக்க நேரலாம். விசா முடியும் தேதிக்கும் திரும்பும் தேதிக்கும் இடையில் சில நாட்கள் இருக்கட்டும். கோவையிலோ திருச்சியிலோ சென்னையிலோ இறங்கிய அன்றே ரயில் டிக்கெட், மறுநாளே கல்யாணம் என்று திட்டம் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள், எரிமலையால் ஏற்படும் தாமதம் அதில் சேருமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு வாங்கும் பாலிசி பொதுவாக அதற்கு உதவாது. காப்பீட்டின் மார்க்கச் சட்டம் பற்றிக் கேள்வி உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் இந்தியத் தூதரகத்திடம் முறையிட ‘மதத்’ என்ற அரசு இணையதளம் இருக்கிறது.

யார் திரும்பச் சொல்வது?

இவ்வளவும் தெரிந்த குடும்பம்கூடத் தவறுவது ஓர் இடத்தில்தான். பணம் கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு வருடமாகக் காத்திருக்கிறார்கள். வழிகாட்டி “ஒண்ணும் ஆகாது, தினமும் போறோம்” என்கிறார். கூட வந்த நாலு குடும்பமும் ஏறத் தயார். அந்த நேரத்தில் ஒருவர் “வேண்டாம்” என்றால் அவர் கோழை ஆகிவிடுகிறார். “மௌத் எழுதியிருந்தால் வீட்டில் படுத்திருந்தாலும் வரும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் போனபோது வழியில் ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. குறைஷி முதியவர்கள் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். படையோடு வந்த பயணத்தை அங்கேயே நிறுத்தித் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் பதில் தந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அதன் பிறகு வந்துதான் அறிவித்தார்கள். விதியை நம்பிய அந்தக் கலீஃபாவுக்கு வழியில் திரும்புவது கேவலமாகத் தெரியவில்லை.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொன்னது நபிவழி. நாம் அதை டிக்கெட்டும் ஹோட்டலும் பார்க்கிறவர் என்று சுருக்கிவிட்டோம். எரிமலைப் பயணத்துக்கு வீட்டில் கிளம்பும் முன்பே அமீரைத் தேர்ந்துவிடுங்கள். மலையில் போய் ஓட்டெடுப்பு வேண்டாம். எந்த நிலை வந்தால் போக மாட்டோம், எத்தனை மணிக்குள் ஏறி முடிக்காவிட்டால் திரும்புவோம், யாருக்கு மூச்சு வாங்கினால் எல்லோருமே இறங்குவோம் என்று சேலத்தில் உட்கார்ந்தே பேசி முடியுங்கள். குடும்பத்தில் வயதில் மூத்தவரை அமீராக்குவது மரியாதை. ஆனால் அந்தத் தளத்தைப் பார்க்கத் தெரிந்த மகளோ மருமகளோ இருந்தால் அவர் காட்டும் தகவலை அமீர் கேட்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் அப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். டிராவல்ஸில் முன்பணம் கட்டும்போதே, எச்சரிக்கை நிலை உயர்ந்தால் அந்த ஓர் இடத்துக்கு மாற்று இடம் தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பலர் தருகிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மதீனாவின் கறுப்புக் கல்லைப் பிள்ளைகள் ஆசையாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். ஹரம் எல்லைக்குள் உள்ள கல்லையும் மண்ணையும் வெளியே கொண்டுபோக ஷாஃபி மத்ஹபில் அனுமதி இல்லை. ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறு. எதற்கு அந்தப் பேச்சு, அறைக்குத் திரும்பும் முன் எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டால் போதும், அதில் கல் இன்னும் கறுப்பாகத் தெரியும்.